மண், மனை, மதிப்பு – 12: துண்டுக்கு அடியில் பேசும் விலை

கோவையில் வீடு விற்கிறவரிடம் விலை கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரி பதில்தான் வரும்: "சொல்றது எண்பதுங்க. உக்காந்து பேசினா முன்னப்பின்ன பண்ணிக்கலாமுங்க." இந்த 'முன்னப்பின்ன'வுக்குள் எத்தனை லட்சம் இருக்கிறது என்பது விற்பவருக்கே சரியாகத் தெரியாது. நடுவில் நிற்கும் புரோக்கருக்கு ஒருவேளை தெரியும். வாங்குபவர் தயங்கித் தயங்கி "பார்த்துக் குறைச்சுக் குடுங்க" என்பார். இரண்டு லட்சம் குறையும், எல்லோரும் காபி குடிப்பார்கள், அந்த இரண்டு லட்சம் எந்தக் கணக்கில் குறைந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். சென்ற வாரம் வில்லங்கச் சான்றை வாசிக்கும் முறையைப் பார்த்தோம். அதைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசுவது எப்படி என்பது இந்த வாரம். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: குறைக்கச் சொல்லிக் கேட்பது வேறு, குறைவான ஒரு விலையைக் காரணத்தோடு முன்வைப்பது வேறு. முதலாவதைப் பேரம் என்று அழைப்பதே தப்பு.

இதைக் கொங்கு நாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. வெள்ளகோவிலுக்கு அருகே கண்ணபுரத்தில் சித்திரை மாதம் மாரியம்மன் திருவிழாவை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில், காங்கேயம் காளைக்கு விலை பேசுகிறவர்கள் கைமேல் துண்டைப் போட்டு மூடி, விரல்களைப் பிடித்தே தொகையைச் சொல்லிக்கொள்வார்கள். படம் எடுக்கப் போகிறவர்கள் அந்தத் துண்டைத்தான் எடுக்கிறார்கள். கவனிக்க வேண்டியது அதற்கு முன்னால் நடப்பது. வாயைத் திறந்து பல் பார்ப்பார்கள். இரண்டு பல்லா, நாலு பல்லா, கடை முளைத்துவிட்டதா என்று. சுழி பார்ப்பார்கள். நாலு எட்டு நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார்கள். விரலைப் பிடிக்கிற நேரத்தில் வாங்குகிறவரிடம் காரணம் தயாராக இருக்கும். குறைத்துக் கேட்டதற்காக மாட்டுக்காரர் கோபித்துக்கொள்வதும் இல்லை. மாட்டுக்கு இவ்வளவு சோதனை நடத்துகிற அதே குடும்பம், எண்பது லட்ச ரூபாய் வீட்டைப் பார்க்கப் போனால் வாசக்கதவு தேக்கா என்று தட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

முதலில் காதில் விழும் தொகைக்கு ஒரு பிடி உண்டு. அமெரிக்காவின் டூசான் நகரில் கிரிகரி நார்த்கிராஃப்ட், மார்கரெட் நீல் என்ற இரு ஆய்வாளர்கள் நடத்திய சோதனை 1987-ல் வெளியானது. உண்மையான ஒரு வீட்டை மாணவர்களுக்கும் வீடு விற்றுக் கொடுக்கும் தொழில்காரர்களுக்கும் காட்டினார்கள். எல்லோருக்கும் கொடுத்த தகவல் ஒன்றே. விற்பவர் கேட்கும் விலை மட்டும் குழுவுக்குக் குழு வேறு. அதிக விலை சொல்லப்பட்டவர்கள் வீட்டை அதிகமாக மதிப்பிட்டார்கள், குறைந்த விலை சொல்லப்பட்டவர்கள் குறைவாக மதிப்பிட்டார்கள். தொழில்காரர்களும் இதற்கு விலக்கில்லை. ஆனால் கேட்ட விலை தங்களைப் பாதித்தது என்று அவர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளவும் இல்லை. 'எண்பது' என்ற சொல் காதில் விழுந்தபின் நம் மூளை எழுபத்தெட்டுக்கும் எண்பதுக்கும் நடுவில்தான் சுற்றும். ஆகவே அந்தத் தொகையைக் கேட்கும் முன்பே, அல்லது கேட்டதை ஒதுக்கிவைத்துவிட்டு, நமக்கென்று ஒரு தொகையைக் கட்டி எழுப்ப வேண்டும்.

எப்படி? விற்பவர் ஒட்டவைத்ததைப் பிரித்தால் போதும். வீட்டு விலை என்று ஒரே தொகையாகச் சொல்லப்படுவதில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன: ஏறிக்கொண்டே போகும் மண், தேய்ந்துகொண்டே போகும் கட்டடம். ஓர் உதாரணக் கணக்கு. நாலு சென்ட் இடம், அதில் 1,500 சதுர அடி வீடு, கட்டி இருபது வருஷம், சொல்லும் விலை 80 லட்சம். அதே வீதியில் காலி மனை சென்ட் 13 லட்சத்துக்குப் போகிறது என்றால் மண்ணுக்கு 52 லட்சம். மீதி 28 லட்சத்தைக் கட்டடத்துக்குக் கேட்கிறார்கள். இன்று புதிதாகக் கட்டவே சதுர அடி 2,200 ரூபாய் என்று வைத்தால் 33 லட்சம். கட்டடத்தின் ஆயுள் அறுபது வருஷம் என்றால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. நிற்பது 22 லட்சம். கூட்டினால் 74. சென்ட் கணக்கும் கொத்தனார் கணக்கும் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் பிரித்துப் பார்த்ததால் தெரிந்தது முக்கியம்: தகராறு மண்ணைப் பற்றியது அல்ல, கட்டடத்தின் ஆறு லட்சத்தைப் பற்றியது. "இழைச்சு இழைச்சுக் கட்டினதுங்க" என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். இழைத்தது அவர், அதில் இருபது வருஷம் வாழ்ந்ததும் அவர்தான்.

அடுத்தது குறைகளை ரூபாயாக மாற்றுவது. கோவையில் வீடு பார்க்கிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி தண்ணீர்: நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, உப்புத் தண்ணிக்குப் போர் எத்தனை அடி, வெயில் காலத்தில் எவ்வளவு நேரம் ஓடுகிறது. ஆயிரம் அடியைத் தாண்டிப் போர் போட்ட பகுதிகள் நகரைச் சுற்றி நிறைய உண்டு. புதிதாக ஒன்று போட வேண்டி வந்தால் ஆகும் செலவைப் போர் வண்டிக்காரரே சொல்லிவிடுவார். அடுத்தது பிளான். அனுமதி தரைத்தளத்துக்கும் முதல் தளத்துக்கும் இருக்க, மேலே இன்னொரு அறை நின்றால் அந்த அறைக்கு விலை கொடுக்கக்கூடாது. வங்கியின் மதிப்பீட்டாளரும் அதைக் கணக்கில் சேர்க்கத் தயங்குவார். ஓதம் ஏறிய சுவர், மாற்ற வேண்டிய வயரிங், ஒழுகும் மொட்டை மாடி எல்லாவற்றுக்கும் ஒரு மேஸ்திரியிடம் வாங்கிய எஸ்டிமேட், "கொஞ்சம் பழசா இருக்குதுங்க" என்ற முணுமுணுப்பைவிட நூறு மடங்கு வலுவானது. வாஸ்துவைச் சாக்காக வைத்துக் குறைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. மேற்கு வாசலைக் குறை சொல்லி விலை குறைத்து வாங்கியவர், நாளை விற்கும்போது அதே குறையைக் கேட்டாக வேண்டும்.

பதிவுத்துறையின் வில்லங்கச் சான்றில் ஒவ்வொரு கிரயத்துக்கும் 'கைமாற்றுத் தொகை', 'சந்தை மதிப்பு' என்று இரண்டு தொகைகள் இருக்கும். பக்கத்து மனைகளுக்கும் இணையத்தில் போட்டுப் பார்க்கலாம், காசில்லை. இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும்: ஊரே குறைத்துக் காட்டிப் பதிகிறபோது அந்தத் தொகைகளை வைத்து என்ன பேசுவது? சரிதான், அவற்றை விலையாக எடுத்துக்கொள்ள முடியாது. வழிகாட்டி மதிப்பும் சந்தையின் நாடித்துடிப்பு அல்ல. 2017 ஜூனில் மாநிலம் முழுக்க ஒரே அடியாக 33 சதவீதம் குறைத்தார்கள், 2023-ல் பழைய 2012 மதிப்புக்கே கொண்டுபோனார்கள், 2024 ஜூலையில் மறுபடி திருத்தினார்கள். இந்த ஏற்ற இறக்கம் அரசின் மேஜையில் நடந்தது, சரவணம்பட்டியிலோ வடவள்ளியிலோ அல்ல. ஆனால் சான்றில் பொய் சொல்லாத பகுதிகள் உண்டு. விற்பவர் எந்த வருஷம் வாங்கினார், வீட்டின்மேல் எந்த வங்கியில் அடமானம் நிற்கிறது, அது எப்போது எழுதியது, இன்னும் ரத்தாகவில்லையா என்பதெல்லாம் அதில் இருக்கும். கடன் அழுத்தத்தில் இருக்கிறவருக்கு இரண்டு லட்சம் அதிகமாகக் கிடைப்பதைவிட இரண்டு மாதம் முன்னதாகக் கிடைப்பது பெரிது. அவருக்கு நாம் கொடுக்கக்கூடியது வேகம். வங்கிக் கடனுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவைத்திருந்தால் அதற்கும் ஒரு விலை உண்டு.

"கோயமுத்தூர்ல நெலம் எறங்குனதா சரித்திரமே இல்லீங்க" என்பது இன்னொரு மறுப்பு. நாளைய ஏற்றத்துக்கு இன்றே காசு கேட்பது அது. அவிநாசி சாலையில் கோல்ட்வின்ஸ் முதல் உப்பிலிபாளையம் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டுவிட்டது. அதனால் கிடைக்கும் வசதி கண்ணால் பார்க்கிற வசதி, அதற்கு விலை கொடுக்கலாம். மெட்ரோ அப்படியல்ல. கோவை மெட்ரோ திட்ட அறிக்கையை ஒன்றிய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. மெட்ரோ கொள்கைப்படி 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்பது சொல்லப்பட்ட காரணம். நாளை வரலாம், வரட்டும். ஆனால் வராத ரயிலுக்கான டிக்கெட்டைச் சென்ட் விலையில் சேர்த்து வசூலிப்பதை ஏற்க வேண்டியதில்லை. இந்த வாதத்தைச் சரிபார்க்க வாடகையைப் பார்க்கலாம். 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு மாதம் 20,000 வாடகை வந்தால் வருஷத்துக்கு மூன்று சதவீதம். எட்டரை சதவீத வட்டியில் கடன் வாங்கி மூன்று சதவீதம் தரும் பொருளை வாங்கும்போது, மிச்சத்தை எதிர்கால ஏற்றம் ஈடுகட்டும் என்று நாம் ஏற்கெனவே நம்பியாயிற்று. அதற்குமேல் விற்பவருக்கும் ஒரு பங்கு எதற்கு?

குறைத்துக் கேட்டால் மரியாதை கெட்டுவிடுமோ என்ற கூச்சம் இந்தப் பக்கத்தில் அதிகம். "அவங்க கிட்டப் போயி எழுபதுன்னு கேக்கறதா?" என்று வீட்டிலேயே தடுப்பார்கள். தொகையை மட்டும் வீசினால் புண்படத்தான் செய்யும். மண்ணுக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு, செலவுக்கு இவ்வளவு என்று எழுதிய தாளை முன்வைத்து, "எங்க கணக்கு எழுபத்தொன்னுதானுங்க வருது, எங்கியாச்சும் தப்பா இருந்தாச் சொல்லுங்க" என்றால் பேச்சு ஆளை விட்டுக் கணக்குக்குப் போய்விடும். சில வீடுகள் கைவிட்டுப் போகும். போகட்டும்; நம் கணக்குக்கு மிஞ்சிய விலையில் வேறொருவர் வாங்கினால் அது நம் நஷ்டம் ஆகாது. புரோக்கரை எதிரியாகப் பார்க்கவும் வேண்டாம். இரண்டு சதவீதக் கமிஷனில் விலை நாலு லட்சம் குறைந்தால் அவருக்குக் குறைவது எட்டாயிரம்தான். அவருக்கு வேண்டியது சீக்கிரம் முடிவது. சிகாகோவை ஒட்டிய வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து ஸ்டீவன் லெவிட்டும் சாட் சைவர்சனும் 2008-ல் காட்டியது இதைத்தான்: தரகர்கள் தங்கள் சொந்த வீட்டைச் சராசரியாக ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருந்து 3.7 சதவீதம் அதிக விலைக்கு விற்றார்கள், வாடிக்கையாளரின் வீட்டுக்கு அந்தப் பொறுமை இல்லை. அந்த அவசரம் வாங்குபவருக்குச் சாதகம்.

மிக ஆபத்தான சலுகை ஒன்று உண்டு. "ஒயிட்டுல அம்பது காட்டிக்கலாமுங்க, மீதி கையில குடுத்தா ரெண்டு லட்சம் கொறச்சுக்கறனுங்க." கேட்க இனிப்பாக இருக்கும், ஒன்பது சதவீதப் பதிவுச் செலவிலும் 2.7 லட்சம் மிச்சம். ஆனால் வங்கி பத்திரத்தில் உள்ள தொகைக்குத்தான் கடன் தரும். 80 சதவீதக் கடன் என்றால் 64 லட்சம் கிடைக்க வேண்டிய இடத்தில் 40 லட்சம். மீதி 24 லட்சத்தைக் கைமாற்றாகப் புரட்ட வேண்டும். பின்னாளில் விற்கும்போது நாம் வாங்கிய விலை 50 லட்சம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்; மறைத்த 28 லட்சத்துக்கு இன்றைய 12.5 சதவீதப்படி 3.5 லட்சம் வரி, விற்றவர் தப்பித்த வரி நம் தலையில். வீடு விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை 2015-லிருந்தே வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ரொக்கம் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். குறைத்துக் கேட்பதற்கும் ஒரு தரை உண்டு: வழிகாட்டி மதிப்பு நாம் கொடுக்கும் விலையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், அந்த வித்தியாசம் வாங்குபவரின் வருமானமாகக் கணக்கிடப்படும்.

புது அப்பார்ட்மென்ட் வேறு கதை. பில்டர் சதுர அடி விலையைக் குறைத்தால் முன்பு வாங்கியவர்கள் கேள்வி கேட்பார்கள் என்பதால் கார் பார்க்கிங், மாடுலர் கிச்சன் என்று வேறு வழியில் இறங்கி வருவார். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

இவ்வளவு பாடுபட்டு நாலு லட்சம்தானா என்பவர்களுக்கு: எட்டரை சதவீத வட்டியில் இருபது வருஷத்துக்கு நாலு லட்சம் என்பது மாதம் 3,471 ரூபாய், மொத்தம் எட்டு லட்சத்துக்கு மேல். பதிவில் 36,000 தனி. பேசி முடித்த விலையைக் கிரய ஒப்பந்தத்தில் எழுதும்போதுதான் பேரத்தின் கடைசிச் சுற்று நடக்கிறது. 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பின் தமிழ்நாட்டில் அந்த ஒப்பந்தமும் பதிவு செய்ய வேண்டிய ஆவணம். 50 லட்சமும் அதற்கு மேலும் போனால் வாங்குபவர் ஒரு சதவீதம் வரி பிடித்துக்கட்ட வேண்டும் என்பதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். பதிவு அலுவலக வாசலில் சொன்னால் சண்டை வரும். சொத்து வரி பாக்கி, மின் இணைப்பின் டெபாசிட், இன்வெர்ட்டர் எல்லாம் யாருக்கு என்று எழுதுங்கள். போருக்குள் இறக்கியிருக்கும் மோட்டார் எத்தனை ஹெச்.பி. என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சாவி கைமாறுகிற அன்று குழாயைத் திறந்து பார்க்கும்போது அதே மோட்டார் உள்ளே இருக்க வேண்டும்.