ஒதுங்கித் திறக்கும் கதவு

குமரி மாவட்டம் பத்துகாணிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாமியாருக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். மருத்துவமனைக்கும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் கூட்டிப்போக வசதியாக இருக்கட்டும் என்று, ஓடிய ஆம்னி வேன் ஒன்றை வாங்கினார்களாம். மாமியார் ஏறி இறங்குவது சுகமாகிவிட்டது. பக்கக் கதவை மூடுவதற்குத்தான் ஒவ்வொரு முறையும் வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ‘வண்டிக்கு வயசாகிப் போச்சா, இல்ல இந்தக் கதவோட குணமே இதுதானா?’ என்று கேட்கிறார்.

கதவின் குணம் அதுவல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். நல்ல நிலையில் இருக்கும் ஸ்லைடிங் கதவைப் பத்து வயதுப் பிள்ளை ஒரு கையால் மூடும். ஜப்பான்காரர்களின் குடும்ப வேன்களில் எனக்கு மிகவும் பிடித்த பாகமே அந்தக் கதவுதான். எஞ்சினையும் மைலேஜையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். கதவைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை; அதனால் இந்த முறை கதவு.

கடல் கடந்து வேலைக்குப் போய்வந்தவர் இல்லாத தெரு நம் பகுதியில் அபூர்வம். வளைகுடாவில் தங்குமிடத்துக்கும் வேலையிடத்துக்கும் இடையே அவர்களைச் சுமந்த வண்டிகளில் டொயோட்டா ஹயஸுக்குப் பெரிய பங்கு உண்டு. 1967-இல் அறிமுகமான வண்டி அது. இலங்கையில் இந்த உறவு இன்னும் நெருக்கமானது. ஜப்பானைப் போலவே அங்கும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள்; ஸ்டீயரிங் வலப்பக்கம். ஜப்பானில் புதுக் காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறையும் கட்டாயச் சோதனை உண்டு. அந்தச் செலவுக்குத் தயங்கி, நன்றாக ஓடும் வண்டியைக்கூடக் கைமாற்றிவிடுகிறவர்கள் பலர். அப்படிக் கப்பலேறிய ஹயஸும் டவுன்ஏஸும் நோவாவும்தான் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களைக் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஏற்றிச்செல்கின்றன. 2020 மார்ச்சில் அங்கே வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது.

இந்தியாவில் பழைய வண்டியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர வரியும் விதிகளும் விடாது. ஜப்பான் வேன் நமக்கு வந்தது வேறு வழியில். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மறு ஆண்டே சுசுகி கேரியை அடியொற்றி மாருதி வேன் வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், முன் இருக்கைக்கு அடியில் எஞ்சின், இரண்டு பக்கமும் ஸ்லைடிங் கதவு. பிறகு ஆம்னி என்று பெயர் மாறி, 2019-இல் உற்பத்தி நிற்கும்வரை 35 ஆண்டுகள் ஓடியது.

அந்தக் கதவு ஏன் வேண்டும் என்பதை அருமனை சந்திப்பில் சாயங்கால நேரத்தில் ஒரு காரை நிறுத்தினால் புரிந்துகொள்ளலாம். ஒருபக்கம் கடை வாசல், மறுபக்கம் உரசிக்கொண்டு போகும் பைக், களியலுக்குப் போகும் பஸ். சாதாரணக் காரின் கதவை முழுக்கத் திறக்க முக்கால் மீட்டருக்குக் குறையாத இடம் வேண்டும். அந்த இடம் இல்லாதபோது பாதி திறந்த கதவின் இடுக்கில் உடம்பைத் திருப்பி, காலை மடக்கி, தலையைக் குனிந்து வெளியே வருகிறோம். முழங்கால் மடங்குகிறவர்களுக்கு அது வெறும் சிரமம். மடங்காதவர்களுக்கு அது முடியவே முடியாத காரியம். ரப்பர் விளைகளுக்கு நடுவே கையாலையை ஒட்டிப் போகும் பாதைகளிலும், கிறிஸ்துமஸ் விழாக் கூட்டத்திலும் இதே கதைதான். ஸ்லைடிங் கதவு வண்டியின் உடம்பிலிருந்து ஒரு சாண் அளவு வெளியே வந்து, அப்படியே பின்னால் ஒதுங்கிவிடுகிறது. வாசல் முழுசாகத் திறந்துகொள்கிறது.

இதற்குள் இருக்கும் வித்தையை எனக்கு விளக்கியது, தாத்தாவின் பலசரக்குக் கடை. இரும்பு ஷட்டர் வருவதற்கு முன்னால் கடைகளை நிரைப்பலகை வைத்துத்தான் அடைப்பார்கள். மேலே உத்தரத்தில் ஒரு காடி, கீழே படியில் ஒரு காடி. பலகையை மேல்காடிக்குள் தூக்கிச் செருகி, கீழ்க்காடியில் இறக்கி, ஓரத்துக்குத் தள்ளுவார்கள். பலகையின் பாரம் முழுவதும் கீழ்க்காடியில் நிற்கும். மேல்காடி அது சாயாமல் பிடித்துக்கொள்ளும். தினமும் அடைப்பதற்கு முன்னால் கடைப் பையன் ஓர் ஈர்க்கிலை எடுத்துக் கீழ்க்காடியில் கிடக்கும் மண்ணையும் அரிசியையும் கிண்டி எடுப்பான். ஒருநாள் விட்டால் மறுநாள் பலகை நடுவழியில் சிக்கிக்கொள்ளும்.

வேன் கதவுக்கும் காடி உண்டு, ரெயில் என்கிறோம். பெரும்பாலான வேன்களில் மூன்று. கூரை விளிம்பில் ஒன்று, ஏறும் படிக்கு அடியில் ஒன்று, பின்பக்கத் தகட்டில் வெளியே கோடுபோலத் தெரியும் நடு ரெயில் ஒன்று. மேல் ரெயிலிலும் கீழ் ரெயிலிலும் ஓடும் ரோலர்கள் கதவின் முன்பக்கத்தில் இருக்கின்றன. நடு ரெயிலின் ரோலர் கதவின் பின்விளிம்பில் இருக்கிறது. பாரத்தைக் கீழ் ரோலரும் நடு ரோலரும் பங்குபோட்டுச் சுமக்கின்றன. கதவு சாயாமல் பார்த்துக்கொள்வது மேல் ரோலரின் வேலை.

அழகு எங்கே இருக்கிறதென்றால், மூன்று ரெயில்களும் முன்னால் முடியும் இடத்தில் வண்டிக்குள் வளைகின்றன. அந்த வளைவு இல்லாவிட்டால் கதவு வண்டியின் பக்கத்தோடு சமமாகப் பொருந்தாது; பொருந்தினாலும் பின்னால் நகராது, பின்பக்கத் தகட்டில் போய் இடிக்கும். கைப்பிடியை இழுத்ததும் பூட்டு விடுபட, ரோலர்கள் வளைவிலிருந்து வெளியே ஏறுகின்றன. கதவு பக்கவாட்டில் விலகுகிறது. பிறகு நேர் ரெயிலில் பின்னால் ஓடுகிறது. மூடும்போது இதே பயணம் தலைகீழாக நடக்கும். ஒரே இழுப்பில் கதவு இரண்டு திசைகளில் நகர்கிறது. அதற்கு மோட்டார் வேண்டாம், சங்கிலி வேண்டாம். வளைத்த தகடும் சிறு உருளைகளும் போதும்.

இந்தக் கதவைச் சுற்றி வேறு பல நுணுக்கங்களும் சேர்ந்திருக்கின்றன. பெட்ரோல் மூடி இருக்கும் பக்கத்தில், மூடி திறந்திருக்கும்போது கதவு பின்னால் வந்து மோதக் கூடாது. பல வேன்களில் மூடியைத் திறந்தாலே கதவு நகராதபடி தடுத்துவைக்கிறார்கள். நடுக் கதவின் கண்ணாடியைப் பல வேன்களில் கீழே இறக்க முடியாது. தலையை வெளியே நீட்டிய குழந்தையோடு கதவு பின்னால் ஓடினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். விலை கூடிய ஜப்பான் வேன்களில் கதவை மோட்டார் இழுக்கிறது. நடுவில் கையோ காலோ பட்டால் நின்று, வந்த வழியே திரும்பிவிடும்.

இனி வாசகியின் கதவுக்கு வருவோம். பழைய வேனில் கதவு இறுகுவதற்கு முதல் காரணம் கீழ் ரெயில். அது படிக்கு அடியில், கண்ணுக்கு மறைவாக இருக்கிறது. ஏறுகிறவர்களின் செருப்பிலிருந்து உதிர்வதெல்லாம் அதில்தான் விழும். நம் பகுதியில் இடவப்பாதி மழை ஒருமுறை, ஐப்பசி மழை ஒருமுறை. இரண்டுக்கும் செம்மண்ணும் சரலும் கால்களோடு வண்டிக்குள் ஏறும். விளையிலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றும் வண்டியானால் சருகும் சேரும். இதன்மேல் யாராவது ‘டைட்டா இருக்கு’ என்று கிரீஸை அள்ளி அப்பியிருந்தால், மண்ணும் கிரீஸும் குழைந்து உப்புத்தாள்போல ரோலரை அரித்துவிடும். நல்லெண்ணத்தில் செய்யும் இந்த வைத்தியம்தான் நோயை முற்றவைக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். கதவை முழுக்கத் திறந்துவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷால் கீழ் ரெயிலை முனை முதல் முனை வரை சுரண்டுங்கள். வளைவு இருக்கும் முன்மூலையில்தான் அதிகம் அடைந்திருக்கும். துணியை மண்ணெண்ணெயில் நனைத்துப் பழைய கிரீஸை முழுக்கத் துடைத்தெடுங்கள். தண்ணீர் வடிவதற்கான சிறு துளைகள் இருந்தால் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். அவை அடைத்தால் தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும். காய்ந்த பிறகு ரோலரின் அச்சில் ஒரு துளி கிரீஸ், ரெயிலில் துணியால் மெல்லிய ஒரு பூச்சு. அதற்கு மேல் வேண்டாம். நடு ரெயிலையும் மறக்க வேண்டாம். அது வெளியே மழையில் நனைந்துகொண்டே இருப்பது.

இதற்குப் பிறகும் இறுகினால் ரோலரைப் பாருங்கள். கதவைப் பாதி திறந்து, பின்விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். தூக்கும்போது ஆட்டம் தெரிந்தால் நடு ரோலரின் பேரிங் தேய்ந்திருக்கிறது. கதவு பின்னால் தொங்குவதால் பூட்டு அதற்குரிய கொக்கியில் நேராகப் போய் விழவில்லை; அதனால்தான் ஓங்கி அடிக்க வேண்டியிருக்கிறது. ஓங்கி அடிக்க அடிக்கப் பேரிங் இன்னும் தேயும். ரோலர் மலிவான சாமான். மார்த்தாண்டத்தில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் மாற்றித் தருவார்கள். ‘இந்த வண்டி இப்படித்தான்’ என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் கதவை அடித்துக்கொண்டிருப்பதுதான் நம் வழக்கமாகிவிட்டது. அடிக்கிற கதவின் பாரத்தை வீட்டில் யார் சுமக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். மூடத் தெம்பில்லாத காரணத்தால், தானாக வண்டியேறிப் போகும் உரிமையைப் பெரியவர்களும் பெண்களும் இழக்கிறார்கள்.

மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, சரிவில் நிறுத்திக் கதவைத் திறந்தால், முழுத் திறப்பில் பிடித்துக்கொள்ளும் கொளுவி சரியாக விழுந்ததா என்று பாருங்கள். களியல், கடையாலுமூடு இறக்கங்களில் மூக்குத் தாழ நிற்கும் வண்டியில் கொளுவி தேய்ந்திருந்தால், கதவு தன் பாரத்திலேயே முன்னால் ஓடிவந்து இறங்குகிறவரின் கையை நசுக்கும். இரண்டு, சாதாரணக் கதவு வெளியே நீண்டு, பின்னால் வருகிறவனுக்கு ‘இங்கே ஆள் இறங்குகிறார்’ என்று காட்டிக்கொடுக்கிறது. ஸ்லைடிங் கதவு நீளாது; குழந்தை திடீரென்று சாலையில் குதித்து நிற்கும். ஆகவே இறங்குவது எப்போதும் இடப்பக்கமே என்று வீட்டில் சட்டம் போடுங்கள். மூன்று, ஆம்னியில் முன்னால் இருப்பவரின் முழங்காலுக்கு முன்னே தகடும் விளக்கும் மட்டும்தான். மோதினால் தாங்குவதற்கு எதுவும் இல்லை. புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல்தான் அது விடைபெற்றது. ஊருக்குள் மெதுவாகப் போய்வர வைத்துக்கொள்ளுங்கள். நான்குவழிச் சாலையில் தூரப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். உட்கார இடம் இருக்கிறதே என்று பள்ளிப் பிள்ளைகளை அடைத்து ஏற்றுவது பெரிய பாவம்.

எனக்கு ஆற்றாமை தருவது வேறொன்று. 2012-இல் நிசான் நிறுவனம் எவாலியா என்ற ஏழு பேர் வேனை இந்தியாவில் விற்பனைக்கு விட்டது. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் செய்த வண்டி. இரண்டு பக்கமும் ஸ்லைடிங் கதவு, தாழ்வான தளம், கார்போல ஓட்டம். ஜப்பானில் என்வி200 என்ற பெயரில் ஓடும் இந்த வேனைத்தான் நியூயார்க் நகரம் 2011-இல் தன் வருங்கால டாக்சியாகத் தேர்ந்தெடுத்தது. நடு வரிசைக் கண்ணாடியை இறக்க முடியாது என்று இங்கே குறை சொன்னார்கள்; பெட்டிபோல இருக்கிறது என்றும் சொன்னார்கள். 2013-இல் அசோக் லேலண்டு அதே வண்டியை ஸ்டைல் என்ற பெயரில் விற்றுப் பார்த்தது. இரண்டே ஆண்டில் நிறுத்திக்கொண்டது. தமிழ்நாட்டில் செய்த, முதியோருக்கு இவ்வளவு பொருத்தமான வண்டியைத் தமிழ்நாட்டுக் குடும்பங்களே திரும்பிப் பார்க்கவில்லை.

ஜப்பானில் பத்தில் மூன்று பேர் 65 வயதைத் தொட்டவர்கள். அங்கே பல ஆண்டுகளில் விற்பனையில் முதலிடம் பிடித்த ஹோண்டா என்-பாக்ஸ் 3.4 மீட்டர் நீளமே உள்ள குட்டிக் கார். அதற்கும் இரண்டு பக்கமும் ஸ்லைடிங் கதவு. 2017-இல் டொயோட்டா புதிதாக வடிவமைத்த டாக்சிக்கும் இடப்பக்கம் அதே கதவு. இங்கேயோ, கைக்கெட்டும் விலையில் மாருதி ஈக்கோ இருக்கிறது. அதை விட்டால் அரைக் கோடிக்கு மேல் கார்னிவல், கோடியைத் தாண்டி ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் வெல்ஃபயர். நடுவில் பெரிய வெற்றிடம். அந்த இடத்தை உயரமான சக்கரமும் ஏறிட்டுப் பார்க்கும் முகப்பும் கொண்ட எஸ்யுவிகள் பிடித்துக்கொண்டன. அவற்றில் ஏறுவதற்கு அம்மச்சியைப் பின்னாலிருந்து ஒருவர் தூக்கிவிட வேண்டும்.

நாம் கேட்காததை எந்தக் கம்பெனியும் செய்து தராது. ஆகவே என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை ஏழு பேர் வண்டி வாங்கப் போகும்போது, வீட்டில் மூத்தவரை ஷோரூமுக்குக் கூட்டிச்செல்லுங்கள். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் அவரை ஏறி இறங்கச் சொல்லுங்கள், யாரும் கை கொடுக்காமல். அவர் முகம் சுளிக்காமல் இறங்கிவந்தால் மட்டும் விலை பேசுங்கள்.