மரத்துல விருது: வடிவத்துக்கு முன்னாடி மரம்

ஒரு இசை விருதுக்கு மரத்துல நினைவுச்சின்னம் டிசைன் பண்ணணும்னு வெச்சுக்கங்க. நாதஸ்வரம் மாதிரி ஒரு வடிவத்தை உடனே வரையத் தோணும். கொஞ்சம் பொறுங்க. அந்த நாதஸ்வரத்தை எந்த மரத்துல செய்றாங்கன்னு முதல்ல பார்ப்போம்.

கும்பகோணம் பக்கத்துல நரசிங்கம்பேட்டை. இந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-ல புவிசார் குறியீடு கிடைச்சது. பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற ஆச்சா மரத்தைத்தான் இங்கே தேடி வாங்குறாங்க. பல வருஷம் காய்ஞ்ச மரம் சட்டுனு வெடிக்காது.

வெட்டின பிறகும் மரம் அசையும். ஈரக் காத்துல விரியும், ஏசி அறையில சுருங்கும். நார் ஓடுற திசையில இந்த மாற்றம் ரொம்பக் கம்மி, குறுக்கேதான் அதிகம். டிசைன்ல இதனால ரெண்டு விஷயம் முடிவாகுது.

ஒண்ணு, மெல்லிசான கழுத்துப் பகுதியில நார் நீளவாக்கில ஓடணும். குறுக்கே ஓடினா, ஒருதடவை கீழே விழுந்தாலே கழுத்து முறிஞ்சிடும்.

ரெண்டு, பேர் பொறிச்ச பித்தளைத் தகடு. மரம் விரியுற அளவுக்குத் தகடு விரியாது. முழுசா ஒட்டிட்டா ஒருநாள் பேந்து வரும். ஒரு பக்கம் திருகை இறுக்கிட்டு, மறுபக்கம் மரம் அசையுற திசையில நீளமா துளை விட்டா போதும்.

மேடையில அந்த விருது இருக்கப்போறது அஞ்சு நிமிஷம். கலைஞர் வீட்டு அலமாரியில பல வருஷம். அதனால தச்சர்கிட்ட படத்தை நீட்டுறதுக்கு முன்னாடி, “இது எவ்வளவு நாள் காய்ஞ்ச மரம்ணே?”ன்னு கேளுங்க.