நூற்றுக்கு ஐந்து... வௌவாலுக்கு விடுங்கள்!

வீட்டுக்குள் ஒரு வௌவால் புகுந்துவிட்டால் என்ன செய்வோம்? துடைப்பத்தைத் தேடுவோம். மெக்ஸிகோவில் சிலர் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். வௌவால்கள் தங்கும் குகைக்குள்ளேயே தீ வைத்தார்கள், வெடி வைத்தார்கள். காரணம், பயம். மாட்டின் ரத்தத்தைக் குடித்து, வெறிநோயைப் பரப்பும் வௌவால் அங்கே உண்டு. ஆனால், உலகில் இருக்கும் சுமார் 1,400 வௌவால் இனங்களில் ரத்தம் குடிப்பவை மூன்றே மூன்றுதான். குகைக்கு வைத்த தீ இந்தக் கணக்கெல்லாம் பார்க்குமா?

அந்தப் பயத்தோடு மல்லுக்கட்டுவதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர் ரோட்ரிகோ மெடெயின். மெக்ஸிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் சூழலியல் பேராசிரியர்.

சிறுவனாக இருந்தபோது, டி.வி வினாடி வினா ஒன்றில் பாலூட்டிகள் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அதைக் கவனித்த பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பையனைத் தங்களோடு காட்டுக்கு அழைத்துப் போனார்கள். முதல் வௌவாலைக் கையில் வாங்கிய பிறகு அவருக்கு வேறு ஆசையே வரவில்லை. வீட்டுக் குளியலறையிலேயே ரத்தம் குடிக்கும் வௌவால்களை வளர்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அவர் பெயரோடு சேர்ந்தே பேசப்படுவது சிறிய நீள்மூக்கு வௌவால். ரத்தம் பக்கமே போகாது. பூந்தேன்தான் அதன் உணவு. நம் ஊரில் தண்டவாளத்தை ஒட்டி ரயில் கற்றாழையைப் பார்த்திருப்போமே, அந்த வகைச் செடிகளும் உயரமான கள்ளிகளும் பூக்கும் பாதையைப் பிடித்துக்கொண்டு, கருவுற்ற பெண் வௌவால்கள் 1,000 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே பறந்து போய்க் குட்டி போடும். செடி இரவில் பூவைத் திறந்து தேன் சுரக்கிறது. வௌவாலுக்கோ ஆழம்வரை துழாவும் நீண்ட நாக்கு. லட்சக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றையொன்று வடிவமைத்த உறவு இது.

1988-ல் அமெரிக்கா இதை அழியும் இனமாக அறிவித்தபோது, தெரிந்தவரை எஞ்சியிருந்தவை 1,000-க்கும் குறைவு. மெடெயின் 1994-ல் வௌவால் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கினார். குகைகளைக் கண்காணித்ததோடு நிற்கவில்லை. குகையைச் சுற்றியுள்ள ஊர்களின் பள்ளிக்கூடங்களுக்குப் போனார். எது ரத்தம் குடிக்கும், எது தேன் குடிக்கும் என்று குழந்தைகளுக்கு விளக்கினார். பலன் கிடைத்தது. 2013-ல் மெக்ஸிகோவும் 2018-ல் அமெரிக்காவும் அந்தப் பெயரை அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கின. அப்போது எண்ணிக்கை சுமார் 2 லட்சம்!

ஆனாலும், ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. மெக்ஸிகோவின் புகழ்பெற்ற மதுவான டெக்கீலா, இந்தக் கற்றாழை இனத்தில் ஒன்றிலிருந்துதான் வருகிறது. செடி பூத்துவிட்டால் அடித்தண்டில் சேர்ந்த சர்க்கரையெல்லாம் பூவுக்கே போய்விடும். அதனால் பூந்தண்டு எழும்பியதுமே விவசாயிகள் வெட்டிவிடுவார்கள். பக்கக் கன்றுகளைப் பிரித்து நட்டே தோட்டம் வளர்த்தார்கள். வௌவாலுக்குப் பட்டினி, தோட்டத்துக்கும் ஆபத்து. எல்லாச் செடிகளும் ஒரே அச்சு என்பதால், ஒரு நோய் வந்தால் மொத்தமும் போய்விடும்.

மெடெயின் கேட்டது கொஞ்சம்தான்: நூற்றுக்கு ஐந்து செடிகளைப் பூக்க விடுங்கள். ஒரு ஹெக்டேரில் அவ்வளவு பூத்தாலே, ஓர் இரவில் சுமார் 100 வௌவால்களுக்குப் போதும். பதிலுக்கு அவை மகரந்தத்தைக் கலந்து, நோயைத் தாங்கும் புதிய விதைகளைத் தரும். 2016-ல் 'வௌவாலின் தோழன்' என்ற முத்திரையோடு முதல் பாட்டில்கள் கடைக்கு வந்தன.

வௌவால்மேல் பாசம் வையுங்கள் என்று அவர் யாரையும் கெஞ்சவில்லை. அது போனால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். துடைப்பத்தைக் கீழே வைக்க அதுவே போதுமானதாக இருந்தது.