வலி போச்சு... பல்லும் போச்சு!

ராத்திரி ரெண்டு மணி. தெருநாய்கூட சுருண்டு படுத்துத் தூங்குகிறது. நான் மட்டும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். வாயில் கிராம்பு. கையில் ஐஸ் கட்டி. படுத்தால் 'விண்... விண்...' என்று தெறிக்கிறது. எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலாம்போல் இருக்கிறது.

"என்னங்க... இந்த நேரத்துல வாக்கிங்கா?" என்றார் வீட்டம்மா, கண்ணைத் திறக்காமலே.

இது நாலு வருஷத்துக்கு முந்தைய கதை. வலது பக்கம், கீழ்க் கடைவாய்ப் பல். மூணு ராத்திரி இதே கூத்து. நடுவில் ஆபீஸ் வைத்தியங்கள் வேறு. நம் ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் ஆள் கிடைக்க மாட்டார். பல்வலிக்கு ஒவ்வொரு சீட்டிலும் ஒரு டாக்டர்! "ஆஸ்பிரினைப் பொடிச்சு ஈறுல வச்சு அழுத்துங்க சார்" என்றார் ஒருவர். செய்தேன். ஈறு வெந்து வெள்ளையாகிவிட்டது. (அந்த மாத்திரை விழுங்குவதற்கு, பூசுவதற்கு அல்ல.) "மேல் பல்லா இருந்தா கை வைக்காதீங்க... கண்ணு போயிடும்" என்றார் இன்னொருவர். "எங்க ஊர்ல பூச்சி எடுக்கிற ஆள் இருக்காரு" என்றார் மூன்றாமவர். பல்லில் பூச்சியும் இல்லை, பல்லுக்கும் கண் பார்வைக்கும் கனெக்‌ஷனும் இல்லை என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது.

நாலாம் நாள் காலையில் கண் விழித்தால்... அதிசயம்! வலியைக் காணோம். வெந்நீர் குடித்துப் பார்த்தேன். ஜில்லென்று மோர் குடித்துப் பார்த்தேன். ஊஹூம்! தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு சிதறு தேங்காய் போட்டுவிட்டு, டாக்டரிடம் வாங்கியிருந்த அப்பாயின்ட்மென்ட்டை கேன்சல் செய்தேன்.

நான் செய்த மடத்தனம் அந்தத் தேங்காய் இல்லை, அந்த கேன்சல்தான்.

பல் என்பது வெறும் வெள்ளைக் கல் இல்லை. வெளியே எனாமல். மனித உடம்பிலேயே ரொம்பக் கெட்டியான பொருள் அதுதான். அதற்குள்ளே டென்டின். அதற்கும் உள்ளே, பல்லின் நடுவறையில் தொடங்கி வேர் நுனிவரை ஓடும் மெல்லிய குழாய்களில், நரம்பும் ரத்தக் குழாய்களும் நிறைந்த மிருதுவான சதை. அதன் பெயர் 'பல்ப்'. (சுவிட்ச் இல்லாத பல்ப்; எரிய ஆரம்பித்தால் அணைக்க முடியாது.)

நாம் ஒரு நாளைக்கு ஆறு டீ, நடுநடுவே பிஸ்கட் என்று அரைத்துத் தள்ளும்போது, வாயில் இருக்கிற பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையைத் தின்று அமிலம் கக்குகின்றன. அமிலம் எனாமலை அரிக்கிறது. சொத்தை மெல்ல உள்ளே இறங்குகிறது. எனாமலோடு நிற்கும்வரை ஒரு பொட்டு வலி தெரியாது. டென்டினுக்கு வந்ததும் ஜில் தண்ணீர் பட்டால் 'சுரீர்' என்று ஒரு மின்னல், உடனே போய்விடும். இந்தக் கட்டத்தில் போனால் பெரும்பாலும் அடைத்து அனுப்பிவிடுவார்கள். அரை மணி நேர வேலை.

நாம்தான் போகமாட்டோமே!

கிருமி பல்ப்பை எட்டியதும் அங்கே வீக்கம். கையில் கட்டி வந்தால் தோல் மேலே உப்பும், இடம் கொடுக்கும். பல்லுக்குள்ளே உப்ப இடம் ஏது? நாலா பக்கமும் கெட்டிச் சுவர். உள்ளே அழுத்தம் ஏறி நரம்பை நெரிக்கிறது. படுக்கும்போது தலைப்பக்கம் ரத்த அழுத்தம் கூடுவதால் ராத்திரியில் வலி ரெட்டிப்பு. காபி பட்டால் துள்ளிக் குதிக்க வைக்கும். ஜில்லென்று பட்ட வலியோ அரை நிமிஷம், ஒரு நிமிஷம் என்று நின்று ஆடும். மேல் பல்லா, கீழ்ப் பல்லா என்றுகூடச் சொல்லத் தெரியாது. 'இந்தப் பக்கம் பூரா வலிக்குது டாக்டர்' என்பார்கள் பலர். அது பொய் இல்லை. பல்ப்புக்கு இடம் சுட்டிக் காட்டத் தெரியாது.

கடைசியில், ரத்த ஓட்டம் நின்று, பல்ப் செத்துப்போகிறது. செத்த நரம்பு எப்படி வலிக்கும்?

என் நாலாம் நாள் அதிசயம் இதுதான். நான் தேங்காய் போட்டது குணமானதற்கு அல்ல, கருமாதிக்கு! பல்ப்தான் செத்தது, கிருமிகள் சாகவில்லை. ஆளில்லாத வீட்டில் குடியேறியதுபோல் அந்தக் குழாய்களில் உட்கார்ந்து பெருகி, வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கின. எட்டு மாதம் ஒரு சத்தமும் இல்லை. மச்சினி கல்யாண ரிசப்ஷன் அன்று காலை கண்ணாடியில் பார்த்தால், வலது கன்னம் பூரி மாதிரி! போட்டோ முழுக்க நான் இடது பக்கமாகவே நிற்கிறேன்.

சீழை வடித்துவிட்டு எக்ஸ்ரே பார்த்த டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். சொத்தை, வேர் பிரிகிற இடம்வரை அரித்துவிட்டிருந்தது. நிற்க வைக்கச் சுவரே இல்லை. பிடுங்கத்தான் வேண்டும் என்றார். "எட்டு மாசம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

ஆறு வயதில் முளைத்த பல் அது. பால் பற்களுக்குப் பின்னால் ஓசையில்லாமல் முளைக்கிற முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல். 'விழுந்து முளைக்கிற பல்தானே' என்று பல பெற்றோர் அதை லட்சியம் செய்வதில்லை. அது விழாது, விழுந்தால் முளைக்காது. அந்த ஓட்டை விழுந்த பிறகு பக்கத்துப் பற்கள் அந்தப் பக்கமாகச் சாய ஆரம்பித்தன. எதிர்ப் பல் இல்லாததால் மேல் பல் மெல்ல கீழே இறங்க ஆரம்பித்தது. ஆபீஸில் ஒரு சீட் காலியானால் என்ன நடக்குமோ, அதேதான்.

இந்த வருஷம் இடது பக்கம் ஆரம்பித்தது. அதே விண் விண். இந்தத் தடவை கிராம்பும் இல்லை, கிராம வைத்தியமும் இல்லை. (கிராம்பைக் குறை சொல்லவில்லை. அதில் இருக்கிற யூஜினாலைப் பல் டாக்டர்களே மருந்தில் கலந்து வைக்கிறார்கள். ஆனால் அது வலியைத்தான் மழுப்பும், கிருமியை விரட்டாது.) மறுநாள் காலை ரெண்டு மணி நேரம் பெர்மிஷன் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

"ரூட் கெனாலா? உயிர் போயிடும் சார்!" என்று வழியனுப்பினார்கள். டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்.

"லேட்டா வர்றவங்களுக்குக் கொஞ்சம் கஷ்டம்தான். வீக்கம் முத்தின இடத்துல அமிலத்தன்மை ஜாஸ்தி. அங்கே மரத்துப்போற ஊசி சரியா வேலை செய்யாது. ஒண்ணுக்கு ரெண்டா போட வேண்டியிருக்கும். அந்தக் கதைதான் ஊரெல்லாம் சுத்துது."

எனக்கு ஒரே ஊசிதான். பத்து நிமிஷத்தில் பாதி உதடு யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது. வாய்க்கு மேல் ஒரு ரப்பர் துணியை விரித்து, அந்த ஒரு பல் மட்டும் எட்டிப் பார்க்கும்படி மாட்டினார். எச்சில் உள்ளே போகக்கூடாது, மருந்தும் கருவியும் தொண்டைக்குள் விழக்கூடாது என்பதற்காக. 1864-ல் ஸான்ஃபோர்ட் பார்னம் என்ற அமெரிக்கப் பல் டாக்டர் கண்டுபிடித்தது. இன்றும் அதற்கு மாற்று இல்லை. உங்களுக்குச் செய்கிறவர் இதை மாட்டுகிறாரா என்று தாராளமாகக் கேளுங்கள்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்வதென்றால், தூர் வாருதல்! ரூட் கெனால் என்றால் வேர்க் கால்வாய்தானே? பல்லின் தலையில் சின்னதாக ஒரு வாசல் திறக்கிறார்கள். உள்ளே கெட்டுப்போன பல்ப்பை எடுக்கிறார்கள். வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று கலர் கலர் பிடி வைத்த ஊசி மாதிரியான அரங்கள், அதாவது ஃபைல்கள். (ஆபீஸில் நகராத ஃபைல் இங்கே நன்றாக நகர்கிறது!) வெள்ளைப் பிடி ஃபைலின் நுனி 0.15 மில்லிமீட்டர். கால்வாயின் நீளம் சுமார் 20 மில்லிமீட்டர். வேர் நுனி எங்கே முடிகிறது என்று ஒரு சின்ன மின்கருவி 'பீப்' அடித்துச் சொல்கிறது. அதைத் தாண்டவும் கூடாது, அதற்கு ரொம்ப முன்னால் நிற்கவும் கூடாது.

அரத்தால் சுரண்டினால் மட்டும் போதாது. அந்தக் கால்வாய்களுக்கு சந்து, பொந்து, கிளை வாய்க்கால் எல்லாம் உண்டு. அங்கே போய்க் கழுவுவதற்கு சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம். வீட்டில் வெள்ளைத் துணிக்குப் போடுகிற பிளீச்சில் இருக்கிற அதே சரக்குதான். முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு கால்வாய். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று அல்லது நான்கு. மேல் கடைவாய்ப் பல்லில் நாலாவதாக ஒன்று அடிக்கடி ஒளிந்துகொண்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் ரெண்டு வருஷம் கழித்து மறுபடி வீக்கம், மறுபடி முதலிலிருந்து வேலை. 'ரூட் கெனால் பண்ணியும் வலிக்குதே' என்கிறவர்களில் சிலர் இந்தக் கட்சி. வேர் நெடுக விரிசல் விட்ட பல்லை என்ன செய்தும் காப்பாற்றுவது கஷ்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கழுவிக் காய வைத்த கால்வாயை அடைக்கிற பொருள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கட்டா பெர்ச்சா! மலாய்க் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால். 1858-ல் அட்லாண்டிக் கடலுக்கு அடியில் போட்ட முதல் தந்திக் கம்பிக்கு, தண்ணீர் புகாமலிருக்க இதைத்தான் உறையாகப் போட்டார்கள். ஒரு காலத்தில் கோல்ஃப் பந்தும் இதில்தான் செய்தார்கள். கடலையே உள்ளே விடாத சரக்கு, என் எச்சிலையா விடப்போகிறது!

எனக்கு ரெண்டு சிட்டிங்கில் முடிந்தது. சிலருக்கு ஒன்றே போதும், சீழ் பிடித்திருந்தால் கூடலாம். ஊசி விறுவிறுப்பு போனபின் ரெண்டு மூணு நாள் கடித்தால் லேசான வலி. அவ்வளவுதான். உயிர் எங்கும் போகவில்லை.

"நரம்பை எடுத்துட்டா அது செத்த பல்தானே டாக்டர்?"

"உள்ளே மட்டும்தான். பல்லைச் சுத்தி எலும்போட பிடிச்சிருக்கிற நார்களுக்கு ரத்தமும் உணர்வும் வெளியிலேர்ந்து வருது. கடிக்கிறது தெரியும். ஐஸ்க்ரீம் கூச்சம் மட்டும் தெரியாது."

"மாத்திரைல சரி பண்ண முடியாதா?"

"செத்த பல்ப்புக்கு ரத்த ஓட்டமே கிடையாது. ரத்தத்துல போற ஆன்டிபயாடிக் அங்கே எந்த வழியாப் போகும்?"

நியாயம்தான். ஜுரம், பரவும் வீக்கம் இல்லாத சாதாரணப் பல்வலிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019-ல் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. நாமோ மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை வாங்கி, ரெண்டு போட்டுவிட்டு, மீதியை ஃப்ரிட்ஜ் மேல் வைக்கிற ஜாதி.

ஆனால் ஒன்று. தாடைக்கு அடியில் வீக்கம் இறங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்க முடியாமல், மூச்சு முட்டினால் அது பல் கிளினிக் கேஸ் இல்லை. அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரி. 1836-ல் லுட்விக் என்ற ஜெர்மன் டாக்டர் விவரித்த வியாதி அது. பெரும்பாலும் கீழ்க் கடைவாய்ப் பல்லிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. உயிரைக் குடிக்கும்.

செலவு? ஒரு பல்லுக்கு ஆயிரக்கணக்கில் என்றதும் எனக்கும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் பிடுங்கிய இடத்தில் ஸ்க்ரூ வைத்துச் செயற்கைப் பல் வைக்க விலை விசாரித்தேன் பாருங்கள், ரூட் கெனால் தர்மம் மாதிரித் தெரிந்தது. சென்னையில் கோட்டை ரயில் நிலையம் எதிரே 1953-லிருந்து அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே தனியாரைவிடச் செலவு மிகக் குறைவு. ஆனால் காத்திருக்கவும், நாலு தடவை நடக்கவும் பொறுமை வேண்டும்.

அடைத்து முடித்ததும் எழுந்து ஓடப் பார்த்தேன். "கேப் போடணும். அடுத்த வாரம் வாங்க" என்றார். வலிதான் இல்லையே, அடுத்த சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசு கணக்குப் போட்டது. நல்லவேளையாக எதிர் சீட்டுக்காரர் ஞாபகம் வந்தார். அவரும் இதே கணக்குதான் போட்டார். பத்து மாதம் கேப் இல்லாமல் ஓட்டினார். கோகுலாஷ்டமிக்கு மாமியார் வீட்டுச் சீடையை ஒரு கடி கடித்தார். 'டக்' என்று சத்தம். சீடைதான் உடைந்தது என்று நினைத்தாராம். சொத்தை போக, வாசல் திறந்தது போக மீதி இருப்பது மெல்லிசான சுவர்தானே? 2002-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ரூட் கெனால் செய்து கேப் போடாத பற்கள், போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் பறிபோனது தெரியவந்தது. அடுத்த வாரமே போய்ப் போட்டுக்கொண்டேன்.

போன திங்கட்கிழமை, பக்கத்து சீட் தம்பி இட்லியை ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தான். அவனுக்கு 26 வயசு.

"என்னப்பா, பல்லா?"

"ஆமா சார். ரெண்டு நாளா ராத்திரி தூக்கமே இல்ல. ஆனா இன்னிக்கு காலையில கம்ப்ளீட்டா நின்னுடுச்சு சார்! டாக்டர்கிட்டகூடப் போகல."

நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டு போனை எடுத்தேன். புதன்கிழமை சாயந்திரம் ஆறரைக்கு அனுப்பச் சொன்னார்கள்.

"புதன்கிழமையா? மேட்ச் இருக்கே சார்..."

"டாக்டர் ரூம்லயும் டி.வி. இருக்குடா. வாயைத் திறந்துகிட்டுதானே மேட்ச் பார்ப்பே? அப்படியே பாரு."