கணிப்பொறியின் காய்ச்சல்

உடல் சுடுகின்றது என்று வந்த நோயாளியின் தலையிற் குளிர்ந்த நீரைக் கொட்டிவிட்டு அமையும் மருத்துவர் எவரும் இலர். சூடு எங்கே பிறந்தது, பிறந்த சூடு வெளியேற வழியின்றித் தங்கியது எதனால் என்பவற்றை ஆராய்ந்த பின்னரே அறிவுடையோர் மருந்தைத் தொடுவர். மேசைக் கணிப்பொறியின் நுண்செயலி அளவிறந்து சூடேறும்போது நாமும் அம்முறையினையே கைக்கொள்ளல் வேண்டும் என்பதை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழிலக்கியம் பயிலும் மாணவன் ஒருவன் இப்பொருளை எடுத்துக்கொள்ளுதல் பொருந்துமோ என்று ஐயுறுவார் சிலர் இருத்தல் கூடும். எங்கள் இல்லத்தில் நிகழ்ந்ததொன்றை முதற்கண் கூறுவேனாயின் அவ்வையம் நீங்கும்.

என் தந்தையார் அச்சகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் தொழிலினர். ஈய எழுத்துக்களைக் கையாற் கோத்த காலம் போய்விட்டமையின், வீட்டின் முன்னறையிலுள்ள மேசைக் கணிப்பொறியொன்றே இன்று அவருக்கு அச்சுக்கூடம். திருமண அழைப்பிதழ், பள்ளி விழா மலர், சிறு நூல் என வருவனவெல்லாம் அதிலேயே உருப்பெறும். சென்ற கோடையில், அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில், அப்பொறி நண்பகல் வேளையில் தானே அணையத் தொடங்கிற்று. முதல் நாள் ஒருமுறை அணைந்தது. மூன்றாம் நாள் நான்குமுறை அணைந்தது. சேமித்து வையாத பக்கங்கள் மறைந்தன. அழைத்து வந்த பழுதுபார்ப்பவர் பெட்டியைத் திறவாமலே மேலே கைவைத்துப் பார்த்து, "புராஸஸர் போய்விட்டது, ஐயா. போர்டையும் சேர்த்து மாற்றினால் 14,000 ரூபாய் ஆகும்" என்றார். அத்தொகை, என் கல்லூரிக் கட்டணத்திற்கென்று அஞ்சலகத்தில் இட்டு வைத்திருந்த பணத்திற்கு ஏறத்தாழ ஒப்பாயிருந்தது. தந்தையார் ஒன்றும் பேசாது கணக்குப் புத்தகத்தை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். "ஒரு நாள் பொறுங்கள், அப்பா" என்று யான் வேண்டிக்கொண்டேன். அந்த ஒரு நாளில் அண்டை வீட்டு அண்ணன் ஒருவரின் துணைகொண்டு கற்றவற்றையும், பின்னர்ப் படித்தறிந்தவற்றையுமே இங்கு எழுதுகின்றேன்.

முதலாவது, வெப்பம் பிறக்கும் விதத்தை அறிதல் வேண்டும். 'புராஸஸர்' என வழங்கும் நுண்செயலி, கட்டைவிரல் நகத்தளவினதாகிய சிலிக்கன் சில்லு ஆகும். அதனுள் கோடிக்கணக்கான டிரான்ஸிஸ்டர்கள், நொடிக்குப் பல நூறு கோடி முறை துடிக்கும் துடிப்பிற்கேற்பத் திறந்தும் மூடியும் கணக்கிடுகின்றன. அது கொள்ளும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே முடிகின்றது. 65 வாட் மின்னாற்றல் கொள்ளும் நுண்செயலி 65 வாட் வெப்பத்தை உமிழும். எரிகின்ற 60 வாட் இழைவிளக்கை அறியாது தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர், அதனினும் மிக்க வெப்பம் நகத்தளவு இடத்தில் அடங்கியிருத்தலை ஒருவாறு உணர்வர்.

இவ்விடர் தொடக்கத்திலேயே இருந்ததன்று. 1978-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தார் வெளியிட்ட 8086 என்னும் நுண்செயலி, குளிர்விக்கும் கருவி எதுவுமின்றியே இயங்கிற்று. 1993-இல் வந்த பென்டியத்திற்கு உலோகத் தகடும் விசிறியும் வேண்டியவாயின. 2004-இல் வந்த பென்டியம் 4 வகையுட் சில 100 வாட்டைக் கடந்தன. உறுப்புக்கள் சிறுத்துவரும் அளவிற்கு அவற்றின் மின்செலவும் குறைந்து வரும் என்பது 1974-இல் ராபர்ட் டென்னார்ட் முதலியோர் கண்ட முறை. அம்முறை தளர்ந்ததும், விரைவை மேன்மேலும் கூட்டும் வழி வெப்பத்தால் அடைபட்டது. அடுத்து வரவிருந்த 'டெஜாஸ்' என்னும் நுண்செயலியை இன்டெல் 2004-இல் கைவிட்டமைக்கு இதுவே பெருங்காரணம் என்பர். அதன்பின்னர், ஒன்றையே விரைந்தோடச் செய்வதினும், 'கோர்' எனப்படும் பல கூறுகளை ஒரே சில்லில் அமைத்து வேலையைப் பகிர்தலே வழக்காயிற்று.

இனி, பிறந்த வெப்பம் வெளியேறும் வழியைக் காண்போம். சிலிக்கனிலிருந்து அதன்மேல் மூடிய உலோகத் தகட்டிற்கும், அதிலிருந்து 'தெர்மல் பேஸ்ட்' என்னும் பசையின் ஊடாகக் குளிர்விப்பானின் அடித்தகட்டிற்கும், அங்கிருந்து அதன் மெல்லிய இதழ்களுக்கும், இதழ்களிலிருந்து விசிறி தள்ளும் காற்றிற்கும், அக்காற்றோடு பெட்டியின் புறத்திற்கும் வெப்பம் செல்லுகின்றது. இப்படிகளுள் ஒன்று அடைபட்டாலும் அதற்கு முன்னுள்ளவை யாவும் சூடேறும். செம்பு, காற்றைவிட ஏறத்தாழப் பதினையாயிரம் மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துவது. எத்துணை வழவழப்பாயினும் இரண்டு உலோகப் பரப்புகள் பொருந்துமிடத்திற் கண்ணுக்குப் புலனாகாத குழிகள் உண்டு. அவற்றிற் காற்றுத் தங்கும். அக்காற்றை வெளியேற்றி அவ்விடத்தை நிரப்புதலே பசையின் தொழில். பசையோ காற்றினும் மேலானது. உலோகத்தினும் மிகத் தாழ்ந்தது. ஆதலின், குழி நிரம்பும் அளவிற்கு மேல் தடித்துப் பூசுதல் வெப்பத்திற்குத் தடையேயாகும்.

எவ்வளவு சூடு காய்ச்சல் எனப்படும்? வேலையின்றி நிற்கும்போது 35 முதல் 50 பாகை செல்ஸியஸும், கடுமையாக உழைக்கும்போது 60 முதல் 85 பாகையும் பொதுவாகக் காணப்படுவன. இன்டெல் மேசைக் கணிப்பொறி நுண்செயலிகள் பலவற்றிற்கு மேலெல்லை 100 பாகை. 2022-இல் வந்த ரைஸன் 7000 வரிசைக்கு அஃது 95 பாகை. அவ்வரிசையுட் சில முழு உழைப்பில் அவ்வெல்லையை எட்டியே இயங்குமாறு அமைக்கப்பட்டவை யாதலின், அவற்றில் அதனையே நோயென்று கொள்ளலாகாது. எல்லையை நெருங்கினால் நுண்செயலி தன் விரைவைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனையும் மீறிச் சூடு ஏறினால் மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும். ஆகவே வெப்பத்தாற் பொறி தானே அணைதல் அது கெட்டுவிட்டது என்பதற்கு அடையாளமன்று. தன்னைக் காத்துக்கொண்டது என்பதற்கே அடையாளம். மின்வழங்கியின் குறையாலும் பொறி அணைதல் உண்டு. இரண்டையும் பிரித்தறிய, வெப்பநிலையை அளந்து பார்த்தலே வழி. 'பயாஸ்' திரையிலும், விண்டோஸில் எச்டபிள்யூஇன்ஃபோ, லினக்ஸில் எல்எம்-சென்ஸார்ஸ் முதலியவற்றாலும் இதனைக் காணலாம். எங்கள் பொறியைத் திறக்குமுன் பயாஸ் திரையைப் பார்த்தோம். வேலை ஒன்றுமின்றியே அது 88 பாகையைக் காட்டிற்று.

மருந்தினைச் செலவு குறைந்ததிலிருந்து தொடங்குதல் முறை. முதற்கண் பொறி இருக்கும் இடத்தை நோக்குக. அறையின் வெப்பம் ஒரு பாகை ஏறினால் நுண்செயலியின் வெப்பமும் ஏறத்தாழ ஒரு பாகை ஏறும். பெட்டி சுவரோடு ஒட்டியோ மேசையின் அடைப்பிற்குள்ளோ இருப்பின், தான் வெளிவிட்ட சுடுகாற்றையே மீண்டும் உட்கொள்ளும். எங்கள் பெட்டிக்கு அன்னையார் பூவேலை செய்த உறையொன்று தைத்திருந்தார். தூசு படியாதிருக்க வேண்டுமென்று, பொறி இயங்கும்போதும் அது போர்த்தப்பட்டேயிருந்தது!

இரண்டாவது, தூசு. மின்னிணைப்பை முற்றும் நீக்கி, ஒருமுறை பொத்தானை அழுத்தி எஞ்சிய மின்சாரத்தைப் போக்கி, பெட்டியைத் திறந்த வெளிக்குக் கொண்டு சென்று, மென்மையான தூரிகையாலும் ஊதுகருவியாலும் தூசை அகற்றுக. ஊதும்போது விசிறி சுழலாதபடி விரலாற் பிடித்துக்கொள்ளல் வேண்டும். ஈரத்துணி ஆகாது. வீடு துப்புரவு செய்யும் உறிஞ்சுகருவியை அருகிற் செலுத்தினால் நிலைமின்சாரம் தோன்றி உறுப்புக்களைக் கெடுத்தல் கூடும். எங்கள் பெட்டியில் விசிறிக்கும் இதழ்களுக்கும் இடையே தூசு கம்பளம்போற் படிந்திருந்தது. விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது. காற்றுத்தான் இதழ்களைச் சேரவில்லை.

மூன்றாவது, விசிறிகள் யாவும் சுழல்கின்றனவா, முன்புறத்தது காற்றை உள்ளே இழுத்துப் பின்புறத்தது வெளியே தள்ளுகின்றதா என்று காண்க. பெட்டியின் பக்கத்தைத் திறந்து வைத்து மேசை விசிறியைத் திருப்பிவிடுதல் பலர் செய்வது. அது முதலுதவியாகுமேயன்றி மருத்துவம் ஆகாது.

நான்காவது, குளிர்விப்பானின் இருப்பு. நான்கு மூலைகளிலும் பிளாஸ்டிக் முளைகளால் நிறுத்தப்படும் வகையில், ஒரு முளை தளர்ந்தாலும் அடித்தகடு ஒருபுறம் தூக்கிக்கொள்ளும். எங்கள் பொறியில் அதுவே நிகழ்ந்திருந்தது. நான்கனுள் ஒன்று கழன்று நின்றது. பசையோ காய்ந்த சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. இத்தகைய நிலையிற் குளிர்விப்பானைக் கழற்றி, ஐஸோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்ந்த மெல்லிய துணியாற் பழைய பசையை இரு பரப்புகளிலும் துடைத்து, நடுவிற் பட்டாணியளவு புதுப்பசையிட்டு, மூலைக்கு எதிர்மூலையாகச் சிறிது சிறிதாக இறுக்கிப் பொருத்தல் வேண்டும். ஏ.எம்.டி. நிறுவனத்தாரின் ஏஎம்4 வகையிற் பசை இறுகியிருப்பின், குளிர்விப்பானை இழுக்கும்போது நுண்செயலியும் உடன்வந்து அதன் முட்கால்கள் வளைதல் கூடும். ஆதலின் பொறியைச் சிறிது நேரம் இயக்கிப் பசை இளகிய பின், அணைத்து மின்னிணைப்பை நீக்கி, குளிர்விப்பானை மெல்லத் திருகி எடுக்க. புதுக் குளிர்விப்பானாயின் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் ஏட்டை உரிக்க மறத்தலாகாது.

இவை யாவும் செய்தும் சூடு தணியாதாயின், பயாஸில் விசிறியின் விரைவை உயர்த்தலாம். நுண்செயலி கொள்ளும் மின்னாற்றலுக்கு வரம்பு கட்டலாம். டிரான்ஸிஸ்டர்கள் திறந்து மூடுவதாற் செலவாகும் ஆற்றல், துடிப்பின் விரைவிற்கு ஏற்பவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு ஏற்பவும் அமைவது. எனவே மின்னழுத்தத்திற் பத்திலொரு பங்கு குறைந்தால் அச்செலவில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறையும். ஆயின் மிகக் குறைப்பின் பொறி தடுமாறும். சிறிது சிறிதாகச் செய்து பார்த்தல் நன்று. பெரிய குளிர்விப்பானை விலைகொடுத்து வாங்குதல் இவற்றிற்குப் பின்னரே எண்ணத்தக்கது.

எங்களுக்கு அவ்வளவும் வேண்டியதாகவில்லை. முந்நூறு ரூபாய்க்கும் குறைந்த பசைக்குழலொன்று வாங்கியதே செலவு. மாலையிற் பொறியை இயக்கியபோது பயாஸ் 44 பாகை காட்டிற்று. மறுநாள் நண்பகலில், தந்தையார் விழா மலரொன்றின் படங்களைத் திருத்திக்கொண்டிருக்கையிலும் 67 பாகையைத் தாண்டவில்லை. அவர் அன்றிரவு கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். அப்பணங்கொண்டே இவ்வாண்டு யான் இவ்வகுப்பில் இருந்து பயில்கின்றேன்.

பழுதுபார்க்க வந்தவரைக் குறைகூற யான் இதனை எழுதவில்லை. அவர் பெட்டியைத் திறந்து பார்த்திருப்பின் வேறு கூறியிருப்பார் என்றே எண்ணுகின்றேன். திறந்து பாராமலும் அளந்து அறியாமலும் கூறும் முடிவு, எத்துணைத் துணிவோடு கூறப்படினும், ஏற்கத்தக்கதன்று. பாடபேதம் காணும்போது ஏடுகளை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முடிவு கூறுக என்று நம் ஆசிரியர்கள் நமக்குக் கற்பிப்பதும் இம்முறையே யன்றோ? விடுதியிலும் இல்லத்திலும் கணிப்பொறி வைத்திருக்கும் நண்பர்கள், ஆண்டிற்கொருமுறை, பங்குனி முடியுமுன், அதனைத் திறந்து தூசு போக்கி வெப்பநிலையை ஓரிடத்திற் குறித்து வைப்பாராயின், அடுத்த கோடையில் ஒப்பிட்டு நோக்க அஃது உதவும். அன்னையாரின் பூவேலை உறை இன்றும் எங்கள் பொறிமேல் இருக்கின்றது. பொறி அணைந்து ஆறிய பின்னர் மட்டுமே அதனைப் போர்த்துகின்றோம்.