ஈரப் பாதையில் மிதிவண்டி செலுத்தலாமா?



மழை ஓய்ந்த மாலைப் பொழுது. செம்மண் பாதையில் நீர் இன்னும் வடிந்துகொண்டிருக்கிறது. வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கும் மிதிவண்டியைக் கண்டதும் கால்கள் துடிக்கின்றன. "குன்றின்மேல் ஏறி ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் என்ன?" என்று உள்ளம் கேட்கிறது. அவ்வேளையில் செல்வது நன்றா, காத்திருப்பது நன்றா? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் என் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறேன். எனக்கு அப்பொழுது பதினொரு வயது. என் தந்தையார் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் தொழிலாளி. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே மிதிவண்டி. விடியுமுன் அதில் ஏறித் தம் நிரைக்குச் செல்வார். பால் வாளிகளை அதிலேயே கட்டிக்கொண்டு கொட்டகைக்குத் திரும்புவார். ஒருநாள் மாலை மழை விட்டதும், அவரைக் கேளாமலே வண்டியை எடுத்துக்கொண்டு குன்றின்மேல் ஏறினேன். இறங்கும்பொழுது, பாதையின் குறுக்கே கிடந்த நனைந்த வேரில் முன்சக்கரம் வழுக்கியது. வண்டியோடு கானில் விழுந்தேன்.

முழங்கையில் ஏற்பட்ட காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆனால், சக்கரம் வளைந்து போயிற்று. அதனைச் சீர்செய்யச் சம்பள நாள் வரவேண்டியிருந்தது. அதுவரை தந்தையார் இருட்டோடு எழுந்து நடந்தே சென்றார். பால் வாளிகளைக் காண்டாவில் மாட்டித் தோளில் சுமந்து வந்தார். அவர் என்னை அடிக்கவில்லை. "மரம் காயட்டும் என்று நான் காத்திருக்கிறேன். பாதை காயட்டும் என்று நீ காத்திருக்கக் கூடாதா, தம்பி?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியின் பொருள் அன்று எனக்கு முழுமையாக விளங்கவில்லை. பின்னரே விளங்கிற்று.

பால்மரம் வெட்டிய பெரியோர்கள் இதனை நன்கு அறிவார்கள். பட்டை நனைந்திருக்கும்பொழுது வெட்டினால், பால் வெட்டுக்கோட்டின் வழியே ஒழுகாமல் மரமெங்கும் பரவி வீணாகும். மங்கில் விழும் பாலோடு மழைநீரும் கலந்துவிடும். ஈரமான புது வெட்டில் நோயும் எளிதிற் பற்றும். ஆகவே, மழை பெய்த காலையில் தொழிலாளர்கள் மரம் காயும்வரை காத்திருப்பார்கள். காயாவிடில் அன்றைய வேலையே இல்லை, வருவாயும் குறையும். ஆயினும், இன்றைய பாலுக்காக நாளைய மரத்தைக் கெடுக்கலாகாது என்பது அவர்கள் கண்ட நெறி. பாதைக்கும் இந்நெறி பொருந்துமா என்பதனைப் பார்ப்போம்.

இன்று மலைப்பாதைகளில் ஓட்டுவதற்கென்றே தனிவகை மிதிவண்டிகள் உள்ளன. 1970ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், தமால்பைஸ் மலைப் பகுதியில், இளைஞர் சிலர் பழைய கனத்த மிதிவண்டிகளைச் சீர்செய்து சரிவுகளில் ஓட்டினர். 1976ஆம் ஆண்டில் அங்கே 'ரீபேக்' என்னும் சரிவுப் பந்தயம் தொடங்கியது. சரிவில் இறங்கும்பொழுது பின்சக்கரக் குடத்தினுள் இருந்த பிரேக்கு சூடேறி, உள்ளிருந்த மசகு புகைந்து தீர்ந்துவிடும். கீழே வந்ததும் மசகை மீண்டும் அடைக்க வேண்டும். 'மீண்டும் அடைத்தல்' என்பதே அப்பெயரின் பொருள். 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு இடம்பெற்றது.

இவ்விளையாட்டு நமக்கு அயலானதன்று. கோலாலம்பூரின் புக்கிட் கியாராவிலும் சிங்கப்பூரின் புலாவ் ஊபின் தீவிலும் இத்தகைய பாதைகள் உள்ளன. அவற்றுள் புக்கிட் கியாரா முன்னாளில் ரப்பர்த் தோட்டமாக விளங்கிய இடமாகும். 1877ஆம் ஆண்டில் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888ஆம் ஆண்டில் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரை உருவாக்கினார். தம் மகனின் மூன்றுசக்கர வண்டிக்காகவே அவர் அதனை முதலிற் செய்தார். பின்னர் உலகமெங்கும் ஓடிய சக்கரங்களுக்கு நம் முன்னோர் வெட்டிய பாலும் பயன்பட்டது என்பதனை நாம் மறக்கலாகாது.

இனி, மழை மண்ணை என்ன செய்கிறது என்று காண்போம். மண்துகள்களுக்கு இடையே நுண்ணிய இடைவெளிகள் உண்டு. மண் காய்ந்திருக்கும்பொழுது துகள்கள் ஒன்றையொன்று பற்றி நின்று பாரத்தைத் தாங்குகின்றன. இடைவெளிகள் எல்லாம் நீரால் நிரம்பியதும் அப்பிடிப்புத் தளர்கிறது. அவ்வேளையில் சக்கரம் ஏறினால் மண் அமுங்கிப் பள்ளம் விழுகிறது. அடுத்த மழையில் நீர் அப்பள்ளத்தையே தன் வழியாகக் கொண்டு ஓடுகிறது. ஓடும்பொழுது மேல்மண்ணை அரித்துச் செல்கிறது. இன்று ஒரு விரற்கடை ஆழமிருந்த தடம், சில மழைகளுக்குப் பின் சிறு ஓடையாகிவிடும். சரிவில் பிரேக்கை இறுகப் பிடித்துச் சக்கரத்தை இழுத்துச் செல்வது இவ்வரிப்பை மேலும் விரைவுபடுத்தும்.

சேற்றுக் குட்டையைத் தவிர்க்க எண்ணிப் பலர் பாதையின் ஓரமாகச் செல்வர். அதனால் ஓரத்துப் புல்லும் செடியும் மடிகின்றன. ஒற்றையடிப் பாதை அகன்ற சேற்று நிலமாகிவிடுகிறது. அப்பாதையில் நடந்து செல்லும் முதியோரும், தோட்டத்திற்குச் செல்லும் தொழிலாளரும், பள்ளிக்கு வரும் சிறுவரும் துன்புறுவர். பாதை நம் ஒருவருக்கு மட்டும் உரியதன்று.

ஓட்டுபவருக்கும் இடர் உண்டு. நனைந்த வேர், பலகைப் பாலம், பாசி படிந்த கல், உதிர்ந்த இலை ஆகியவற்றின்மேல் டயருக்குப் பிடிப்பு மிகக் குறைவு. சக்கர வளையத்தைக் கட்டைகள் அழுத்தும் பழைய வகைப் பிரேக்கு, நீர் பட்டதும் உடனே பிடிப்பதில்லை. வளையத்தின் நீரைத் துடைத்த பின்னரே பிடிக்கும். அதற்குள் வண்டி பல அடி முன்னே சென்றுவிடும். குடத்தருகே தகடு வைத்த புதுவகைப் பிரேக்கு மழையிலும் நன்கு பிடிக்கும். ஆயினும், பிரேக்கு சக்கரத்தைத்தான் நிறுத்தும். வழுக்கும் மண்ணில் வண்டியை நிறுத்த அதனால் மட்டும் இயலாது.

அவ்வாறாயின், மழைக்காலம் முழுதும் வண்டியைத் தொடவே கூடாதா? அப்படியன்று. எல்லா ஈரமும் ஒன்றாகாது. நெடுநாள் வெயிலுக்குப் பின் பெய்யும் சிறு தூறல் புழுதியை அடக்கிப் பாதைக்கு உறுதி தருவதும் உண்டு. மணலும் சரளையும் கலந்த பாதையில் நீர் விரைவில் வடிந்துவிடும். களிமண் பாதையோ மேலே காய்ந்தாற்போல் தோன்றினாலும் உள்ளே ஈரத்தைத் தேக்கி வைத்திருக்கும். மர நிழலில் உள்ள பாதை, வெயில் படும் பாதையைவிடத் தாமதமாகவே காயும்.

செல்லலாமா என்பதை அறிய எளிய வழிகள் உள்ளன. பாதையின் மண்ணை ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். உதிர்ந்தால் செல்லலாம், பிசைந்த மாவைப்போல் திரண்டு ஒட்டினால் காத்திருக்க வேண்டும். சிறிது தூரம் வண்டியைத் தள்ளிச் சென்று திரும்பிப் பாருங்கள். தடம் ஆழப் பதிந்திருந்தாலோ, டயரில் சேறு அப்பிச் சக்கரம் சுழல மறுத்தாலோ திரும்பிவிடுங்கள். பாதை மூடப்பட்டுள்ளது என்று பலகை இருந்தால் மறுசிந்தனையே வேண்டாம்.

விளையாட்டிற்குச் செல்வது வேறு. தேவைக்குச் செல்வது வேறு. விளையாட்டை நாளைக்குத் தள்ளிவைக்கலாம். பள்ளிக்கும் வேலைக்கும் அவ்வாறு தள்ளிவைக்க இயலாது. ஆதலால், மழை நாளில் கால் மணி நேரம் முன்னதாகவே புறப்படுங்கள். ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள், மழைச்சட்டை அணியுங்கள். பிரேக்கை முன்னதாகவும் மெதுவாகவும் பிடியுங்கள். வேர்களை நேராகக் கடந்து செல்லுங்கள்; சாய்வாக ஏறினால் சக்கரம் வழுக்கும். செங்குத்தான சரிவில் இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்லுங்கள். அது கோழைத்தனமன்று, அறிவுடைமை.

நம் நாட்டின் மேற்குக் கரைப் பகுதிகளில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமழை மிகுதி. இடியோசை கேட்டால் குன்றிலும் தனிமரத்தின் அடியிலும் நில்லாமல் கட்டடத்திற்குள் செல்லுங்கள். இறுதி இடிக்குப் பின் அரைமணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள். மேலும், எலியின் சிறுநீர் கலந்த சேற்று நீர் காயத்தின் வழியே உடலிற் புகுந்தால் கடுங்காய்ச்சல் உண்டாகும். ஆகவே, கைகால்களைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். காயத்தை மூடி வையுங்கள். வண்டியின் சேற்றைக் கழுவித் துடைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் இடுங்கள். சேற்றிலுள்ள மணல் சங்கிலியையும் பிரேக்குக் கட்டையையும் அரம்போல் தேய்த்துவிடும்.

பெற்றோர்களே! பிள்ளைகளின் வண்டியில் பிரேக்குக் கட்டை தேய்ந்துள்ளதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். புதுக் கட்டையின் விலை சிறிது. அது காக்கும் உயிரோ விலைமதிப்பற்றது.

மாணவ மணிகளே! பதறாத காரியம் சிதறாது என்பது நம் பெரியோர் மொழி. பாதை எங்கும் ஓடிப்போய்விடாது. ஓரிரு நாள் வெயில் அடித்தால் அதுவே உங்களை அழைக்கும். அன்று மகிழ்ச்சியோடு செல்லுங்கள். நான் வளைத்த அந்தச் சக்கரத்தை நிமிர்த்த முடிந்தது. ஆனால், அதற்காகத் தந்தையார் இருட்டில் நடந்த நாள்களை என்னால் திருப்பித் தர முடியவில்லை. அத்தகைய கடன் உங்களுக்கு வேண்டாம்.