குளிரில் அடம் பிடிக்கும் டிராக்டர்

பஞ்சாப் மாநிலம். ஜனவரி மாதம். விடியற்காலை. எங்கும் பனிமூட்டம்.

ஓர் இளம் விவசாயி டிராக்டரில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் டிராலி நிறையக் கரும்பு. வெட்டிய கரும்பு கிடந்தால் காயும். எடை குறையும். பணமும் குறையும். இன்றே ஆலைக்குப் போக வேண்டும்.

சாவியைத் திருப்பினார். 'கிர்... கிர்...' என்று மெதுவாக இழுத்தது. சைலன்சரில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்தது. என்ஜின் ஓடவில்லை.

அவர் ஒரு கட்டு வைக்கோலைக் கொண்டு வந்தார். என்ஜினுக்கு அடியில் போட்டார். தீப்பெட்டியை எடுத்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"என்ன மகனே, வண்டியையே கொளுத்தப் போகிறாயா? மேலே டீசல் குழாய் இருக்கிறது. ஒயர் இருக்கிறது. பேட்டரி இருக்கிறது!"

"என்ன செய்வது, சாச்சாஜி? கோடையில் சாவியைத் தொட்டாலே ஓடியதே!"

சாச்சா என்றால் அந்த ஊரில் சித்தப்பா. சாச்சாஜி பல வருடம் டிராக்டர் ஓட்டியவர்.

கோடையில் ஓடிய வண்டி குளிரில் ஏன் ஓடவில்லை?

பெட்ரோல் என்ஜினில் நெருப்புப் பொறி உண்டு. டீசல் என்ஜினில் பொறி கிடையாது. அங்கே சூடான காற்றுதான் நெருப்பு. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றை அழுத்தினால் சூடாகும் என்பதே காரணம். டீசல் என்ஜினில் பிஸ்டன் காற்றை மிகவும் பலமாக அழுத்துகிறது. காற்றின் சூடு 500 டிகிரிக்கு மேல் போகிறது. அதில் டீசலைப் பீச்சியதும் தானே பற்றிக்கொள்கிறது.

குளிரில் இரும்பு சில்லென்று இருக்கும். அது காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும். என்ஜின் ஆயில் கெட்டியாகும். பேட்டரியின் பலமும் குறையும். அதனால் என்ஜின் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் போதிய சூடு பிறக்காது.

கோளாறு எங்கே என்று புகையைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகை வருகிறதா? டீசல் உள்ளே போகிறது. சூடு போதாமல் எரியவில்லை. புகையே வரவில்லையா? டீசல் உள்ளே போகவில்லை.

இங்கே வந்தது வெள்ளைப் புகை. சாச்சாஜி விளக்கைப் போடச் சொன்னார். சாவியைத் திருப்பியதும் விளக்கு மங்கியது. பேட்டரியைப் பார்த்தார். அதன் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. மின்சாரம் போகும் வழியே அடைத்திருந்தது!

ஸ்பேனரால் ஒயர்களைக் கழற்றினார்கள். மைனஸ் ஒயரைத்தான் முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அது கடைசி. சோடா மாவு கலந்த வெந்நீரால் முனைகளைக் கழுவினார்கள். துடைத்து, இறுக்கி மாட்டினார்கள். பேட்டரி அருகே பீடி, தீக்குச்சி கூடாது. அதிலிருந்து வரும் வாயு வெடிக்கும்.

பிறகு ரேடியேட்டர் தண்ணீரை வடித்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினார்கள். கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் குளிர்ந்த இரும்பு வெடிக்கலாம். கூலண்ட் ஊற்றிய வண்டியில் இந்த வேலை வேண்டாம். சில டிராக்டர்களில் ஹீட்டர் உண்டு. முதலில் அதைச் சூடாக்கிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

புகையே வராத வண்டிக்கு வேறு வைத்தியம். என்ஜினை நிறுத்தும் குமிழை நேற்று இழுத்தவர், திரும்ப உள்ளே தள்ளினாரா? பலர் இதை மறந்துவிட்டு மெக்கானிக்கைத் தேடி ஓடுவார்கள். டீசல் குழாய் திறந்திருக்கிறதா? ஃபில்டரில் தண்ணீர் நிற்கிறதா? டாங்க் பாதி காலியாக இருந்தால், இரவுக் குளிரில் உள்ளே ஈரம் கோத்துத் தண்ணீர் சேரும். மாலையிலேயே டாங்கை நிரப்பி வைப்பது நல்லது. டீசல் குழாயில் காற்று புகுந்திருந்தால், ஃபில்டரின் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடிக்க வேண்டும். நுரை இல்லாமல் டீசல் வந்ததும் திருகை இறுக்க வேண்டும்.

லடாக்கில் கடுங்குளிர். அங்கே சாதாரண டீசலே உறைந்துவிடும். அதற்காக 2019-இல் இந்தியன் ஆயில் நிறுவனம் தனி டீசல் கொண்டு வந்தது. பஞ்சாப் குளிருக்கு அது தேவையில்லை.

காற்றுக் குழாயில் பெட்ரோல் ஊற்றுபவர்களும் உண்டு. அது என்ஜினை உடைக்கும், ஆளையும் சுடும். மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிடுவதும் ஆபத்து. அந்தப் புகையில் உயிர் போகும்.

இப்போது கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று இளைஞர் பார்த்தார். கிளட்சை மிதித்தார். சாவியைத் திருப்பினார்.

"பத்து எண்ணுவதற்குள் விட்டுவிடு. பிடிக்காவிட்டால் ஒரு நிமிடம் பொறு. இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் கருகிவிடும்" என்றார் சாச்சாஜி.

ஏழு எண்ணும்போது என்ஜின் பிடித்தது. வெள்ளைப் புகை மெல்லக் குறைந்தது. ஐந்து நிமிடம் மெதுவாக ஓடவிட்டார்கள். பிறகு டிராலி கிளம்பியது. வைக்கோல் எருமைக்குப் படுக்கையானது.